நடுக்கள ஆட்டக்காரரும் புள்ளிவிவரமும்

கால்பந்தில் தடுப்பாட்டக்காரர்களுக்கும் முன்கள ஆட்டக்காரர்களுக்கும் இடையில் ஆடுபவர் நடுக்கள ஆட்டக்காரர். 2018 மார்ச் 17 அன்று சென்னையின் எஃப்சி அணி பெங்களூரு அணியை 3-2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைப் பெற்றது. கோல் கணக்கில் மெய்ல்சன் ஆல்வெசுக்கு 2, ரஃபேல் அகஸ்டோவுக்கு 1. அதே அணியின் நடுக்களத்தில் பந்தைப் பறிக்கும் வேலையைச் செய்த வியாசர்பாடி தனபால் கணேஷின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தகையவரின் உழைப்பை எப்படி அளப்பது?

ஆட்டத்தை எண்ணத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படைக் கணக்கர். 1950 மார்ச் 18 அன்று சுவிண்டன் டவுன் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பென்சிலும் குறிப்பேடுமாக ஒவ்வொரு நகர்வையும் குறித்தார். பல நூறு ஆட்டங்களைப் பதிவு செய்தபின், பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து 1968-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் விழுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அப்படியென்றால் நடுக்களத்தில் பந்தைச் சுற்றவிடுவது வீண், நேரே முன்னால் உதைத்துவிடலாம் என்று முடிவு கட்டினார்கள். இங்கிலாந்தில் நீள்பந்து ஆட்டத்துக்கு இது வலுச் சேர்த்தது. நடுக்களத்தாரின் தலைக்கு மேலே பந்து பறந்தது.

எண்ணிக்கை சரி, முடிவுதான் தவறு. எங்கள் சேவூரில் தறிக்கூலியை மனக்கணக்காகவே சொல்லும் பிள்ளைகள்கூட, பின்னம் என்று வந்தால் தொகுதியைப் பார்த்துப் பகுதியை மறந்துவிடுவார்கள். இதுவும் அதே பிழை. 100 குறுந்தொடர்களில் 9 கோல், 10 நெடுந்தொடர்களில் 2 கோல் என்று வைத்துக்கொள்வோம். கோல் அதிகம் முன்னதில்; ஆனால் விகிதம் 9 சதவீதமே. பின்னதில் 20. ஆட்டத்தில் பெரும்பாலான தொடர்கள் குறுகியவை என்பதால்தான் கோல்களும் அங்கே குவிந்தன. மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்க்ஸும் 2005-இல் உலகக் கோப்பை ஆட்டங்களை இப்படி வகுத்துப் பார்த்து, நீண்ட தொடர்களே கூடுதல் பலன் தருவதைக் காட்டினார்கள்.

1996-இல் தொடங்கிய ஆப்டா நிறுவனம் பந்துப்பறிப்பு, இடைமறிப்பு ஆகியவற்றையும் ஆள்வாரியாக எண்ணியது. லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்ற 2015-16 பருவத்தில் என்கோலோ கான்டே 175 பறிப்புகள், 156 இடைமறிப்புகள் செய்தார். இரண்டிலும் அவரே முதலிடம். அவர் அடித்த கோல் ஒன்றுதான்.

ஆனால் இங்கும் பகுதியை மறக்கக்கூடாது. லெஸ்டர் பந்தைப் பெரும்பாலும் எதிரணியிடம் விட்டுவிட்டு ஆடிய அணி. பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதானே பறிக்க முடியும்! ஆகவே எதிரணி பந்தை வைத்திருந்த நேரத்தால் வகுத்தே இரு அணிகளின் நடுக்களத்தாரை ஒப்பிட வேண்டும். சரியான இடத்தில் நின்று, பாஸ் கொடுக்கவே எதிரணியைத் தயங்க வைப்பவருக்கோ இந்த இரண்டு கணக்கிலும் எதுவும் ஏறாது.