ஓரிரவு இருக்கையும் ஒரு செப்பேடும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பல்லவ மன்னன் ஒருவன் கணிகண்ணரை நாடு கடத்தினான். அவர்தம் ஆசிரியர் திருமழிசை ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொல்லுக்கு இணங்கி, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை'; அது மருவி ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் மனம் வருந்தி வேண்ட, மூவரும் மீண்டனர்.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஊர் வரலாற்றைக் கட்டுரையாக எழுதப் புகும்போது, இக்கதையை முதற்பத்தியில் வைத்து, 'எனவே இவ்வூர் பல்லவர் காலத்தது' என முடிவு கட்டிவிடுகின்றனர். வேறு சிலர் 'கட்டுக்கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றே: இது எவ்வகை எழுத்து? அடியார் பெருமை உரைக்கும் குருபரம்பரை மரபில் வந்தது இக்கதை. ஆண்டும் நாளும் குறிப்பது அதன் நோக்கமன்று. அரசன் ஆணையினும் அடியவன் சொல்லுக்கே இறைவன் கட்டுப்படுவான் என்னும் நம்பிக்கையை அது எடுத்துரைக்கிறது. அந்நம்பிக்கைக்கு அது நேரிய சான்று. ஊரின் வயதுக்கு அன்று.

விவிலியம் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1943இல் தம் சுற்றுமடலிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டிலும், இலக்கிய வகையை அறிந்தே திருநூலின் பொருளைத் தேட வேண்டும் என வற்புறுத்தினர். யோனாவை விழுங்கிய மீனின் நீள அகலத்தை ஆராய்பவன் நினிவே மக்களை மறந்துவிடுகிறான்.

திருவெஃகாவைப் பற்றிய இன்னும் பழைய குறிப்பு பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனின் கொடையைப் போற்றி, அவனை நாடுமாறு பாணனை வழிப்படுத்தும் பாட்டு அது. கொடையை அளவுக்கு மீறிப் புகழ்வது அவ்வகைப் பாட்டின் இயல்பு. அப்புகழை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால், வழியில் எதிர்ப்படும் உப்பு வணிகரின் வண்டிகளைப் பற்றிப் புலவர் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன? போகிற போக்கில் சொன்னவையே பல வேளைகளில் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றன.

கல்வெட்டுக்கு வருவோம். கல்லில் பொறித்தது என்பதாலேயே அதை ஐயமின்றி ஏற்பவர் பலர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளைக் காட்டி, 'அன்றே நம் ஊர்களில் மக்களாட்சி நிலவியது' என்று எழுதாத மாணவர் அரியர். அது சட்டம் என்னும் வகையைச் சேர்ந்தது. நடக்க வேண்டியதைச் சட்டம் சொல்லும். நடந்ததை அதன் அச்சத்திலிருந்து நாமே உய்த்துணர வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் உறுப்பினராகலாகாது என்று விதித்தது ஏன்? இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்த நேர்ந்தது ஏன்? மேலும், அது சதுர்வேதிமங்கலத்துச் சபை; நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

அப்படியாயின் நெசவாளர் எங்கே? உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 3ஆம் தொகுதியில் அச்சேறியுள்ளது. கச்சிப்பேட்டுக் கோயிலின் முதலையும் வட்டியையும் பற்றிய ஏற்பாடு அது. அக்கோயிலின் கணக்கையும் காரியத்தையும் கவனிக்கும் பொறுப்பு, நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டதை அதிற் காண்கிறோம். அவர்கள் எவ்வாறு நெய்தனர், என்ன உண்டனர் என்று அது சொல்லவில்லை. அறக்கட்டளைப் பத்திரம் அதைச் சொல்லாது. ஆனால், கோயில் கணக்கை நம்பி ஒப்படைக்கத்தக்க நிலையில் ஒரு தொழிற்குலம் அன்று இருந்தது என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? தறிக்குடும்பத்திற் பிறந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இச்செப்பேட்டை யாரேனும் எடுத்துக் காட்டியிருக்கிறோமா?

சான்றைத் தேடும் இடத்தையும் வகையே காட்டும். ஈழத்துத் தனிநாயகம் அடிகளார் பழந்தமிழ் அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடினார். மறைபரப்புநருக்காக அச்சிட்டவை அவர்தம் தாயகங்களுக்குச் சென்றிருக்கும் என்பது இயல்பே. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து அதன் படியை வெளியிட்டார். குருக்கள் மக்களோடு பேசுவதற்கென ஆக்கிய அந்நூலில், இலக்கியங்கள் ஏற்க மறுத்த அன்றைய பேச்சுச் சொற்கள் பல தங்கியுள்ளன.

ஓரிக்கையைப் பற்றியோ காஞ்சிப் பட்டைப் பற்றியோ எழுதுவோர், 1879இல் வெளிவந்த குரோலின் செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டையும், 1899இல் வெளிவந்த தர்ஸ்டனின் பட்டு நெசவு பற்றிய நூலையும் காணலாம். வரி வாங்கும் அரசின் கண்ணோடு எழுதியவை என்பதை மட்டும் மறவாதிருத்தல் நன்று. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் உள்ளன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் உள்ளது. பழைய நூல்கள் பலவற்றை இன்று இணையத்திலேயே படிக்கலாம். அங்குள்ள பக்கங்களில் பத்து ஒன்றையே சொன்னால் அவை பத்துச் சான்றுகள் ஆகிவிடா. ஒன்றைப் பார்த்து ஒன்பதும் எழுதியிருக்கக் கூடும்.

நம் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையும் குறிப்பிட வேண்டும். 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் பங்குக்குருக்கள்மீது சுமத்திய கடமை அது. ஒருவரின் விசுவாசத்தின் ஆழத்தை அவ்வேடு அளக்காது. யாருக்கு யார் ஞானப்பெற்றோராய் நின்றனர் என்பதைக் காட்டும். உறவின் வரைபடம் அதிலுண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் கூலிக் கணக்கும் அத்தகையதே. இவை எவற்றிலும் அகப்படாதது கோர்வைச் சேலைக்குக் கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கையின் அறிவு. அதை நெய்பவரிடமே கேட்டு, கேட்ட நாளையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு செல்வது நல்லது; பகலில் அவர் கைகள் ஓய்வதில்லை.