கலைப் போர்வை: கோதடியிலிருந்து கையோட்டத் தையல் வரை

சுவரில் மாட்டிப் பார்ப்பதற்காகத் தைக்கப்படும் அடுக்குத் துணிப் படைப்பு கலைப் போர்வை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அதில் கோடாகவும் நிழலாகவும் நிற்கிறது. காகிதம், வலைத்துணி, ஜரிகை, மணி போன்றவையும் சேர்ந்தால் கலப்பு ஊடகம் என்பர்.

மும்பையைப் பொறுத்தவரை இதன் மூத்த உறவு கோதடி. நைந்த புடவை, வேட்டிகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு மராட்டியப் பெண்கள் செய்யும் போர்வை அது. கீதா கண்டேல்வால் 2013இல் வெளியிட்ட நூல் இந்த மரபை விரிவாகப் பதிவு செய்தது. கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னும் துணிச்சலானது. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும் தையல். நான்கு மூலையிலும் மடித்து வைத்த பூத்துண்டுகள். அவை இல்லாத போர்வையை முடிந்ததாகவே அவர்கள் கருதுவதில்லை. தஞ்சை வட்டாரத் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைக்கும் கலைதான். ஆகவே இந்தக் கலையை அமெரிக்காவிலிருந்து வந்ததாக மட்டும் எழுதுவது சரியாகாது.

அங்கிருந்து வந்தது காட்சிக்கூட அங்கீகாரம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. 1979இல் ஒஹாயோவில் ‘குவில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. கையால் தைத்ததே உயர்ந்தது என்ற எண்ணம் உடைய மேலும் பத்தாண்டுகள் ஆயின: 1989இல் கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த போர்வை அமெரிக்கப் போர்வைக் கலைஞர் சங்கப் போட்டியில் தலைசிறந்த படைப்புக்கான பரிசைப் பெற்றது.

மெஷினில் கையோட்டமாகத் தைப்பது அதைவிடப் பழையது. சிங்கர் நிறுவனமே தன் வீட்டு மெஷின்களில் சித்திரத் தையல் போடக் கற்றுத்தந்தது. அதன் பிரிட்டன் பணிமனையில் வளர்ந்த டோரதி பென்சன் 1952இல் இதற்கென ஒரு நூல் எழுதினார். தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகளில் மெஷின் எம்பிராய்டரி என்று சொல்லித்தருவதும் இதே நுட்பம்தான். துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும். வழக்கமான ஃபுட்டைக் கழற்றி, ரஃபு போடும் ஃபுட்டை மாட்ட வேண்டும். அதன்பின் துணி எந்தப் பக்கம் போவதும் கையின் விருப்பம். தையலின் நீளத்தை மெஷின் தீர்மானிக்காது. கால் வேகமும் கை வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கும். கை முந்தினால் தையல் நீண்டு தளரும், கை நின்றால் ஒரே இடத்தில் நூல் முடிச்சாகிக் குவியும். பாபின் நூலை முதலில் மேலே இழுத்து, இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தால் சுருக்கம் விழாது.

மும்பையின் கிங்ஸ் சர்க்கிளில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் துணி கிடைக்கும். பக்கத்துத் தாராவியின் தையல் கூடங்களில் கத்தரித்துத் தள்ளும் துண்டுகளுக்கு, மும்பைக்காரர்கள் சிந்தி என்பவற்றுக்கு, தனி வியாபாரமே உண்டு. கையகலத் துண்டுகளையும் வலைத்துணிக்கு அடியில் பரப்பித் தைத்துவிடலாம்.

இப்பகுதியில் இக்கலை சார்ந்து நடந்தவற்றுள் முக்கியமானது தாராவிப் பியனாலே என்ற கலை விழா. சயான் மருத்துவமனையின் குழந்தைநல மருத்துவர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, கலை, உடல்நலம், மறுசுழற்சி மூன்றையும் இணைத்து 2015இல் அதை நடத்தியது. அதில் வைக்கப்பட்ட ஒரு போர்வையில் தாராவியின் வரைபடத்தைப் பெண்கள் தைத்திருந்தார்கள். பெண்கள்மீது வன்முறை நடந்த இடங்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. குழந்தையைப் போர்த்தும் வடிவத்தில் அந்த வலியைச் சொன்னதாலேயே அது நெஞ்சைத் தைக்கிறது. இந்தியக் கலைப் போர்வைகளில் அதற்கு முன்வரிசை இடம் தர வேண்டும்.

எந்தக் கலைப் போர்வையையும் தைத்து முடித்ததும் ஓரங்களுக்குப் பட்டி கட்டி, பின்புறம் கம்பி நுழைக்க ஒரு குழல் தைப்பார்கள். அதன் அருகே பெயரும் ஆண்டும் தைத்த துணித்துண்டு ஒன்று இருக்க வேண்டும். பழைய கோதடிகளில் அது இல்லாததால், அவற்றைத் தைத்த பெண்கள் யாரென்று இன்று கண்டறிய வழியில்லை.