பெயர் ஒன்றானால் போதுமா? – ஓர் அயனியின் வரலாறு

காந்தலூரில் வெள்ளைப்பூண்டு வியாபாரம் செய்துகொண்டு, கடை அடைத்த பிறகு படிக்கிறவன் நான். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணக் குடும்பம். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு மேடையில், ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை நம்ம ஊர்தான் என்று அடித்துப் பேசினேன். நல்ல கைதட்டல். இறங்கி வந்ததும் ஒரு டீச்சரம்மா, "ஐயா, கல்வெட்டு ஏதாச்சும் இருக்கா? பேரு ஒண்ணா இருந்தா போதுமா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அறிஞர்கள் காட்டும் சாலை திருவனந்தபுரம் பக்கம் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

'இதுதான் அது' என்று சொல்ல எவ்வளவு சாட்சி வேண்டும்? அந்தக் கேள்வியோடு படித்துக்கொண்டு போனபோது அகப்பட்டதுதான் இந்த வரலாறு.

நம் மலைக்குக் கிழக்கே கொடைக்கானல். அங்கே 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தில், 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் நகர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கம் ஓடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஓடும் பொருளின் கோடு நகரும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

1911-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், மின்சாரம் பாய்ச்சிய ஹைட்ரஜனில் எடை மூன்று கொண்ட ஒரு துகளைக் கண்டார். மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கூடி, ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கும் அயனி அது. எச் த்ரீ பிளஸ் என்பார்கள். எடை தெரிந்தது, ஆனால் அதன் கைரேகையான நிறமாலை கிடைக்கவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 69 வருஷம்!

காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதற்கு அடையாளக் கோடு கிடையாது. முக்கோணமாய் நிற்கும் மூன்று அணுக்களும் அதிரும்போதுதான், நான்கு மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பில் கோடு விழும். குழாய்க்குள்ளோ லட்சக்கணக்கான சாதாரண மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே ஓர் அயனி. சந்தைக் கூட்டத்தில் ஒருத்தர் முணுமுணுப்பைக் கேட்கிற கதை.

கனடாவின் ஒட்டாவாவில் தக்கேஷி ஓக்கா சில வருஷங்கள் விடாமல் முயன்றார். இரண்டு மீட்டர் நீளக் குழாய், அதைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன், நிறத்தை மிக நுணுக்கமாக மாற்றக்கூடிய அகச்சிவப்பு லேசர். 1980-இல் 15 கோடுகள் கிடைத்தன. அவை கணக்கோடு பொருந்தின.

1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் சேக்கலி குழுவினர் இன்னொரு வழி கண்டார்கள். மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் மாற்றினால் மின்னேற்றம் உள்ள அயனி மட்டும் இழுபட்டு ஆடும். மற்றவை சும்மா நிற்கும். ஆடுகிறதன் கோடு நகரும். எவர்ஷெட் கொடைக்கானலில் கண்ட அதே டாப்ளர் நகர்வுதான்! கடையில் பூண்டை முறத்தில் புடைத்தால் சருகு தனியே பறக்கும், அப்படிப் பிரித்தார்கள். ஒரு வித்தியாசம், இங்கே வேண்டியது பறக்கிற சருகு.

கைரேகை கையில் இருந்ததால் வானத்தில் தேட முடிந்தது. 1989-இல் வியாழனின் துருவ ஒளியில் எச் த்ரீ பிளஸ் இருப்பது அறிவிக்கப்பட்டது. 1996-இல் விண்மீன்களுக்கு இடையிலுள்ள முகில்களில் கெபாலும் ஓக்காவும் கண்டார்கள். அங்கே தண்ணீர் முதலிய பல மூலக்கூறுகள் உருவாகும் வேதிவினைகளுக்கு இந்த அயனிதான் தொடக்கம். நெப்டியூனில் மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் எடுத்த நிறமாலையில் அது இருந்ததை 2025-இல் வெளியிட்டார்கள்.

எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தில், பசையும் வறட்சியும் காரணமாக அணுக்கள் கூடும் என்று உண்டு. அந்தச் சிந்தனையை வணங்குகிறேன். ஆனால் 'இதை நாங்கள் அன்றே சொல்லிவிட்டோம்' என்று இனி மேடையில் சொல்லமாட்டேன். சொல் ஒத்துப்போவது வேறு, கோடு ஒத்துப்போவது வேறு.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெருமை வேண்டும்தான். அதற்குக் கொடைக்கானலைக் காட்டுங்கள், சாட்சி இருக்கிறது. அந்த டீச்சரம்மா மாதிரி நம் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். அன்று அவர்கள் கேட்டதில்தான் என் படிப்பே ஆரம்பமானது.