பழைய கட்டடங்களை மழைநீர் எப்படி சாய்க்கிறது? சிமென்ட் பூசினால் சரியாகிடுமா?

2014 நவம்பர் 29. புதுச்சேரி கடற்கரை சாலையில் இருந்த, பிரெஞ்சு ஆட்சிக்கால 'மேரி' கட்டடம் தொடர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதுசாகக் கட்டினார்கள். ஆனால் பழசு போனது போனதுதான்.

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் உள்ளிட்ட கடலூர் மாவட்டப் பகுதிகளுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. உங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரை வீடோ, கோயில் மண்டபமோ, பள்ளிவாசலோ இருந்தால் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

தண்ணீர் எந்த வழியா வருது?

மேலிருந்து: மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதிப்பார்கள். விரிசல் வழியாக நீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை வெளியே தெரியாமலேயே மக்கும்.

பக்கத்திலிருந்து: அரசு, ஆல் செடிகளின் வேர் சுவரைப் பிளந்து, நீருக்கு வழி விடும்.

கீழிருந்து: ஈரம் தரையிலிருந்து சுவரில் ஏறும். இதைத்தான் 'ஓதம் காக்குது' என்கிறோம். சுற்றியுள்ள தரை உயர்ந்துவிட்டால் சிக்கல் இன்னும் அதிகம். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் மழைக்குத் தண்ணீர் தேங்குவது இதனால்தான்.

சிமென்ட் ஏன் கூடாது?

விருத்தாசலம் பீங்கான் கோப்பையையும் மண்பானையையும் நினைச்சுப் பாருங்க. பளபளப்புப் பூச்சு உள்ள கோப்பையில் ஈரம் கசியாது, பானையில் கசியும். பழைய சுண்ணாம்புச் சுவர் பானை மாதிரி. உள்ளே வந்த ஈரம் காற்றில் உலர்ந்து போகும். அதன் மேல் சிமென்ட் பூசினாலோ டைல்ஸ் ஒட்டினாலோ, ஈரம் உள்ளேயே அடைபடும். ஈரத்தோடு வந்த உப்பும் தங்கி, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும்.

உப்பு கருங்கல்லையும் விடாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், ஈரமான காகிதக் கூழை கல்லின் மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறது தொல்லியல் துறை.

என்ன செய்யலாம்?

• ஐப்பசிக்கு முன்பே தளத்தைப் பெருக்கி, மழைநீர்க் குழாய் அடைப்பை எடுங்க.
• செடி முளைத்தால் சின்னதா இருக்கும்போதே வேரோடு எடுங்க. பெருசானதை இழுத்துப் பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.
• சுவரை ஒட்டி மண், குப்பை குவிய விடாதீங்க. தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்க.
• விரிசலை சுண்ணாம்புக் காரையால் அடையுங்க. கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைச் சேர்ப்பது பழைய வழக்கம்.
• உத்திரம் தொய்ந்தாலோ, விரிசல் அகலமானாலோ, முதலில் ஆட்களை வெளியேற்றுங்க. பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்க.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் நீங்களே கை வைக்கக்கூடாது. தொல்லியல் துறை அனுமதி வேண்டும். கோயிலுக்கு அறநிலையத் துறையிடம் சொல்லணும்.

குழாய் அடைப்பை எடுக்க அரை நாள் போதும். அதை விட்டால், ஒரே மழைக்காலத்தில் நூறு வருஷக் கட்டடம் போயிடலாம்.