கரிசலில் குடியேறிய கருவை

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “காமராசர் காலத்துல ஏரோப்பிளேன்ல வந்து விதை தூவுனாங்க” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பக்கத்து விருதுநகர்க்காரர் என்பதால் பழியும் பெருமையும் அவர் கணக்கிலேயே ஏறிவிட்டன. ஆனால் காமராசர் முதலமைச்சரானது 1954-இல்தான். மரம் சென்னை மாகாணத்துக்குள் வந்ததோ அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால்.

தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-இல், மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தரும்படி வருவாய்த் துறைக்கு எழுதினார். மறு ஆண்டு ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பைச் சீமையில் ஊன்றினார்கள். அன்றைய அரசுக்கு விறகு பெரிய கவலை. ரயில் இஞ்சின்கள் விறகைத் தின்றன, நகரங்கள் தின்றன, காடுகளோ சுருங்கிக்கொண்டே போயின. மழை பொய்த்தாலும் சாகாத, ஆடு கடித்தாலும் தழைக்கிற, உவர் மண்ணிலும் நிற்கிற விறகு மரம் ஒன்று வேண்டியிருந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடகரை ஆகிய இடங்களின் மரமான இது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த 1879 டிசம்பரில், மாகாணத்தின் வடக்கே அது ஏற்கெனவே கிளைவிட்டிருந்தது.

இந்த மரம் குண்டாற்றுக் கரையோரத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த இடத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல், மேட்டில் வெள்வேலும் உடைமரமும், வரப்பில் பனை, கோயிலடியில் வன்னி. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கருவேலங்கட்டை. ஆட்டுக்கு அதன் நெற்று. 1981-இல் சுவீடனின் நிதியுதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்பு தொடங்கியபோதுகூடக் கண்மாய்களில் நட்டது பெரும்பாலும் இந்த நாட்டுக் கருவேலைத்தான். சீமைக் கருவேலை யாரும் மெனக்கெட்டு நட வேண்டியிருக்கவில்லை. வேலிக்கென்று ஓரத்தில் வைத்த மரத்தின் இனிப்புக் காயை ஆடும் மாடும் தின்றன. செரிக்காத விதை சாணத்தோடு போன இடமெல்லாம் முளைத்தது.

தாவரவியல்காரர்களுக்கும் இது லேசில் பிடிபடாத கூட்டம். அர்ஜென்டினாவின் புர்கார்ட் 1976-இல் புரோசோபிஸ் பேரினத்தில் 44 இனங்களைக் கணக்கெடுத்தார். நம் வன்னியும் இந்தச் சீமைக் கருவேலும் அதில் பங்காளிகள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2022-இல் அந்தக் குடும்பம் பாகம் பிரிந்தது. வன்னி பழைய பெயரிலேயே இருக்க, சீமைக் கருவேல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆனது. இதன் நெருங்கிய உறவான மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் வெட்டியவர்கள் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தையே இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது என்று ஊரில் பரவிய பேச்சுக்கு மட்டும் ஆதாரம் கிடையாது. எல்லா மரத்தையும் போல இதுவும் வேரால் நீர் எடுத்து இலை வழியே ஆவியாக விடுகிறது.

உண்மையான சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. இதன் அடர்ந்த நிழலிலும் இலைச்சத்து இறங்கிய மண்ணிலும் புல்லும் மற்றச் செடிகளும் எழும்புவது கடினம். கண்மாய்க்குள் புதர் மண்டினால் வரத்துக்கால் அடைபடும். கென்யாவின் பாரிங்கோவில் 1980-களில் விறகுக்காக இதைப் பரப்பினார்கள். பின்னாளில் அங்குள்ள மேய்ச்சல் மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டு, காய் தின்று பல் போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கூட்டிவந்து காட்டினார்கள்.

இங்கே கதை அப்படி ஒருதலையாகப் போகவில்லை. காரணம் கரி. மானாவாரியில் பருத்தியும் சோளமும் மல்லியும் போட்டவர்கள் இரண்டு வருஷம் மழை தவறினால் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு மில்லுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். விட்டுப்போன நிலத்தில் கருவை ஏறியது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அதை வெட்டுக்கு விட்டால் உழாமல் விதைக்காமல் கையில் காசு.

கரி மூட்டம் போட, வெட்டிய கட்டைகளைச் சமமாகத் துண்டுபோட்டு, நடுவில் பருமனானதும் ஓரத்தில் மெல்லியதுமாக நெருக்கி அடுக்குவார்கள். மேலே வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈரமண்ணால் பூசி மெழுகி, ஒரு வாயை மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். அதன்பின் பல நாள் காவல். முதலில் கிளம்பும் வெள்ளைப் புகை கட்டையின் ஈரம். அது மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று கணக்கு. நடுவே மூட்டத்தில் ஒரு விரிசல் கண்டால் உடனே மண் அப்பி அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும், அத்தனை நாள் உழைப்பும் போச்சு. ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகு வேண்டும். பிரித்து, தண்ணீர் தெளித்து, சலித்து மூட்டை கட்டும் வேலையில் பெண்களே அதிகம். முகத்திலும் தொண்டையிலும் கரித்தூளோடு வீடு திரும்பும் இவர்களில் பலர் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஆய்வுக்கூடங்களும் இதைக் கண்டுகொண்டன. இதன் பட்டையிலிருந்து எடுத்த நாரைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதில் செல்லுலோஸ் ஏறத்தாழ 61 சதவீதம் என்றும், எடை குறைவு, இழுவலிமை அதிகம் என்றும் காட்டியது. பிசினோடு சேர்த்துப் பலகையாக வார்க்க இந்த நார் உதவுமா என்று அதன் பிறகு பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சந்தையில் இன்றுவரை விலைபோவது விறகும் கரியும்தான்.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வைகோ தொடுத்த வழக்கில், தென் மாவட்டங்களிலிருந்து மரத்தை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டில் வேறொரு மனுவின்பேரில், சூழல் பாதிப்பை ஆராயாமல் வெட்டக்கூடாதென்று இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

தீர்ப்புக்கும் கொள்கைக்கும் காத்திராமல் மரம் போன இடங்களும் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள் கமுதி வட்டம் வல்லந்தைப் பக்கம் கருவைக் காட்டை மலிவாக வாங்கி, வேரோடு பிடுங்கி, சொட்டுநீர் போட்டு மாவும் கொய்யாவும் தென்னையும் வளர்த்தார்கள். அதே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. இரண்டிலும் மரத்தை விரட்டியது கைமுதல். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் கடன் வாங்கி ஜேசிபி விட்டாலும், அடுத்த மழைக்கு உழுது விதைக்க முடியாமல் போனால் மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதை முளைத்துவிடும். அதனால்தான் திருச்சுழிப் பக்கம் நிலத்தைச் சுத்தம் செய்யச் சொன்னால், விதைக்கும் உழவுக்கும் யார் பணம் தருவது என்று முதலில் கேட்கிறார்கள்.