நான்பிளஸ்ட்: அதிர்ந்து நின்றவரா, அலட்டிக்கொள்ளாதவரா?

ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால், எங்கள் டீமில் ஒருவர் தன் தங்கையின் வளைகாப்புக்குப் போகமுடியாமல் போனது. தப்பாகப் புரிந்துகொண்டது நான். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

நடந்தது இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்க கிளையண்ட் ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று மெயில் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்து மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. தாமதத்தைப் பற்றி மேலிடத்தில் சொல்லியாயிற்று, அவர்கள் ‘நான்பிளஸ்ட்’ ஆக இருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. பி.ஈ. கடைசி வருஷத்தில் ஜிஆர்ஈ எழுதுவதற்காக ஆயிரக்கணக்கான சொற்களை உருப்போட்ட தலைமுறை என்னுடையது. நான்பிளஸ்ட்: செய்வதறியாது திகைத்த, குழம்பிப்போன. அந்த அர்த்தம் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் மேலிடம் அதிர்ந்துபோயிருக்கிறது, காண்ட்ராக்டுக்கே ஆபத்து என்று முடிவுகட்டிவிட்டேன். டீமைக் கூப்பிட்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வரவேண்டும் என்று சொன்னேன். டீமில் ஒரு தம்பிக்கு அன்று ராத்திரி கும்பகோணத்துக்கு பஸ். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. என் முகத்தைப் பார்த்தார். “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை கேன்சல் செய்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கால். எல்லாவற்றையும் முடித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். எதற்கு இந்த அவசரம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தேனே என்றார். மெயிலைத் திறந்து திரும்பப் படித்தேன். அவர் அப்படித்தான் எழுதியிருந்தார், அவருடைய ஆங்கிலத்தில்.

அன்று ராத்திரி அகராதியைத் திறந்தவன்தான்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். லத்தீனில் ‘நோன்’ என்றால் இல்லை. ‘ப்ளூஸ்’ என்றால் மேலும், அதிகம். கணக்கில் நாம் போடும் பிளஸ் குறியின் பெயரும் இதே சொல்தான். இரண்டையும் சேர்த்தால் ‘இதற்கு மேல் இல்லை’. இது 1580களில் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஒட்டி, ‘நான்பிளஸ்’ என்ற பெயர்ச்சொல்லாக வருகிறது. அடுத்த பத்து வருஷத்துக்குள் வினைச்சொல்லும் ஆகிவிடுகிறது. ஒருவரை ‘நான்பிளஸ்’ செய்வது என்றால், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமுடியாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் தேவை புரியும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அப்போது பட்டம் வாங்க எழுத்துத் தேர்வு கிடையாது. எல்லோர் முன்னாலும் நின்று லத்தீனில் வாதாடவேண்டும். ஒருவர் ஒரு கருத்தை முன்வைப்பார், எதிராளி அதை உடைக்கப் பார்ப்பார். பதில் இல்லாமல் வாயடைத்து நிற்பதுதான் தோல்வி. வாதத்தையே வாழ்க்கையாகக் கொண்ட அந்த உலகத்துக்கு, வாதம் தீர்ந்துபோன நிலைக்கு ஒரு சொல் வேண்டாமா?

இதே இரண்டு லத்தீன் சொற்கள் இன்னொரு பக்கமும் போயிருக்கின்றன. ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ஹெர்குலிஸின் தூண்கள் இருந்ததாகவும், ‘இதற்கு அப்பால் ஒன்றுமில்லை’ என்ற எச்சரிக்கை அவற்றில் பொறிக்கப்பட்டிருந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அதிலிருந்த ‘இல்லை’யை எடுத்துவிட்டு, ‘இன்னும் அப்பால்’ என்பதைத் தன் இலட்சிய வாசகமாக வைத்துக்கொண்டார். ஸ்பெயினின் கொடியில் இரண்டு தூண்களைச் சுற்றி இன்றைக்கும் அந்த வாசகம் இருக்கிறது. பெரிய ராஜ்ஜியத்தின் கொடியில் ஏறியது ‘இல்லை’ போன பாதி. ‘இல்லை’யோடு இருந்த பாதி, வாதத்தில் தோற்றவனின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

சுமார் 170 வருஷம் கழித்து, 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் சொல் அதே இடத்தில்தான் இருக்கிறது. மேற்கொண்டு சொல்லவோ செய்யவோ முடியாத நிலை என்பதுதான் அங்கேயும் பொருள். கிட்டத்தட்ட நான்கு நூற்றாண்டு பெரிய சேதாரம் இல்லாமல் ஓடிய சொல் இது.

பிறகு அமெரிக்காவில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அது புரண்டு படுத்தது. ‘நான்பிளஸ்ட்’ என்றால் பாதிக்கப்படாத, அலட்டிக்கொள்ளாத, ‘அதனால் என்ன’ என்று இருக்கிற என்ற அர்த்தத்தில் எழுத ஆரம்பித்தார்கள். பழைய அர்த்தத்துக்கு நேர் எதிர். இன்று மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இரண்டு அர்த்தங்களையும் கொடுத்து, இரண்டாவது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு என்று குறிப்பு போடுகிறது. என் ஜிஆர்ஈ பட்டியலில் முதல் அர்த்தம் மட்டும்தான் இருந்தது.

ஏன் இந்தச் சொல்லுக்கு மட்டும் இந்தக் கதி? எனக்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, முன்னால் நிற்கும் ‘நான்’. ஆங்கிலத்தில் அது எதிர்மறை முன்னொட்டு. நான்-வெஜ், நான்-ஸ்டாப் என்று நாமே தினமும் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘நான்பிளஸ்ட்’ என்பதைப் படிக்கிறவர், ‘பிளஸ்ட்’ ஆகாதவர் என்று பிரித்துக்கொள்கிறார். ‘பிளஸ்ட்’ என்றால் கலங்கியவர் போலிருக்கிறது, அப்போது இவர் கலங்காதவர். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அந்த மாதிரி ‘பிளஸ்ட்’ என்று ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது.

இதே விபத்து ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லுக்கும் நடந்தது. நம் ஊர் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் பார்த்திருப்பீர்கள். எளிதில் தீப்பற்றும் என்று அர்த்தம். அதிலுள்ள ‘இன்’ லத்தீன் வினைச்சொல்லின் பகுதி, எதிர்மறை இல்லை. ஆனால் ‘தீப்பற்றாது’ என்று யாராவது படித்துவிட்டால் உயிர் போய்விடும். அதனால் அமெரிக்காவின் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே, அந்த ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொல்லி வலியுறுத்தியது. உயிர் போகிற இடமாக இருந்ததால் தலையிட ஆள் இருந்தது. நான்பிளஸ்டுக்கு யார் வருவார்கள்?

இரண்டாவது காரணம், இந்தச் சொல்லுக்குள் படம் இல்லை. திகைப்பைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். ‘பிவில்டர்’ என்பதில் வழிதவற வைக்கும் காடு இருக்கிறது. ‘அமேஸ்’ பக்கத்தில் ‘மேஸ்’, அதாவது சுற்றிச் சுற்றி வரும் புதிர்ப்பாதை, நிற்கிறது. ‘பெர்ப்ளெக்ஸ்’ லத்தீனில் சிக்கலாகப் பின்னிக்கொண்டது. ‘அஸ்டானிஷ்’ வேரில் இடி இடிக்கிறது. லத்தீன் தெரியாதவருக்கு இதெல்லாம் தெரியாதுதான். ஆனாலும் காடும் புதிர்ப்பாதையும் இன்றைய ஆங்கிலத்திலேயே கண்ணில் படுகின்றன. நான்பிளஸில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு காடும் இல்லை, ஒரு இடியும் இல்லை. ‘அவ்வளவுதான்’ என்று மட்டும் சொல்கிறது.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதற்கு என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். ஒரு சர்வர் எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறது. சிபியு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். லாகில் புதிதாக ஒரு வரி இல்லை. இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, வேலை எதுவும் வரவில்லை, நிம்மதியாக இருக்கிறது. இன்னொன்று, இரண்டு த்ரெட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு டெட்லாக்கில் உறைந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே போய் டம்ப் எடுத்தால்தான் எது என்று தெரியும்.

மனிதர்களும் அப்படித்தான். ஒரு செய்தியைக் கேட்டு ஒருவர் பேசாமல் நிற்கிறார். அதிர்ச்சியில் வாயடைத்துப்போன முகமும், இதெல்லாம் ஒரு விஷயமா என்று நிற்கிற முகமும் பல சமயம் ஒரே முகம். ஒரு கதையில் ‘அவள் நான்பிளஸ்ட் ஆக நின்றாள்’ என்று வந்தால், அர்த்தம் தெரியாத வாசகர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தப்பாக எடுத்துக்கொண்டவருக்கு அது தப்பு என்று தெரியவே வழியில்லை. அடுத்த முறை அவரே அந்தச் சொல்லை எழுதும்போது புது அர்த்தத்தில் எழுதுகிறார். ஆயிரக்கணக்கான பேர் இப்படி எழுதினால் அகராதிக்காரர் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?

இது அமெரிக்கர்களின் அறியாமை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘நைஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு அர்த்தம் அறிவில்லாதவன். நம் தமிழில் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். சொற்கள் இடம்மாறுவது புதிதல்ல. மாறி முடித்த சொல்லால் ஆபத்து இல்லை. இன்று யாரும் மல்லிகையின் நாற்றம் என்று எழுதி மாட்டிக்கொள்வதில்லை. ஆபத்து நடுவழியில் நிற்கும் சொல்லால்தான். ஆங்கில வழக்கு பற்றி எழுதிய பிரயன் கார்னர் இப்படிப்பட்ட சொற்களுக்கு ‘ஸ்கங்க்ட் டெர்ம்’ என்று பெயர் வைத்தார். ஸ்கங்க் என்பது நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் பிராணி. அது பீய்ச்சிய பொருளை யாரும் கொஞ்ச காலத்துக்குத் தொடமாட்டார்கள் அல்லவா? அதுபோல, பழைய அர்த்தத்தில் எழுதினாலும் புது அர்த்தத்தில் எழுதினாலும் வாசகர்களில் ஒரு பகுதி குழம்பும். தொடாமல் இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. நான்பிளஸ்ட் அந்த வகை என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இத்தனையும் படித்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மெயிலைப் படித்ததும் ஒரு வரி பதில் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தம்மாவுக்கு அப்போது காலைநேரம், உடனே பதில் வந்திருக்கும். சொல் தெரியும் என்ற தைரியத்தில் கேட்கவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் பார்த்திருப்பேன், இரண்டு அர்த்தமும் கண்ணில் பட்டிருக்கும், அந்தத் தம்பியும் பஸ் ஏறியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை அவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “பரவாயில்லண்ணா” என்றார்.

முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா, இல்லை இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லையா, கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த முறை ஊகிக்காமல் கேட்டேன். “நிஜமா பரவாயில்லையா தம்பி?”

“இல்லண்ணா” என்றார். “அம்மாதான் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அண்ணன் வந்து வளையல் போடணும்னு தங்கச்சி காத்துட்டு இருந்துச்சு.”

அடுத்த வாரம் மூன்று நாள் லீவு போடச் சொல்லி ஊருக்கு அனுப்பினேன். வளைகாப்பு திரும்ப வராது, அது எனக்கும் தெரியும். ஊரிலிருந்து வரும்போது டீமுக்கே ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தார். தங்கை கொடுத்துவிட்டதாம்.