பனிக்கட்டி வந்த வழியும் தேயிலை சென்ற வழியும்

சென்ற ஆண்டு விழாவன்று, வைகாசி வெயில் கொளுத்திய பிற்பகலில், நம் சங்கத்து மகளிர் குழுவினர் வந்தோர்க்கெல்லாம் குளிர்தேநீர் வழங்கினர். அண்டா நிறையத் தேநீர் காய்ச்சி, சூடு ஆறுமுன்னரே பனிக்கட்டியைக் கொட்டிவிட்டபடியால், அஃது ஆடிப் புதுவெள்ளம்போற் கலங்கிப் போயிற்று. அருந்தியவர் சிலர், பந்தலுக்குப் பின்புறம் சென்று கொட்டியவர் பலர். பெரியவர் ஒருவர், "மோரும் பானகமும் இருக்க, இந்த வெள்ளைக்காரன் சரக்கு நமக்கு எதற்கு?" என்று பலரும் கேட்கச் சொல்லிவிட்டார். காலை முதல் அடுப்படியில் நின்ற பெண்மணிகள் முகம் வாடினர். அவர் மீது எமக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அச்சொல் எம் மனத்தை விட்டு அகலவில்லை. குளிர்தேநீர் யாருடைய சரக்கு என்று தேடத் தொடங்கினோம். கண்டவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

குளிர்தேநீருக்கு வேண்டியவை இரண்டே: தேயிலை, பனிக்கட்டி. நாம் பிழைக்க வந்து நிலைபெற்ற இந்தக் கொல்கத்தா நகரின் துறைமுகம் இவ்விரண்டின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ஒன்று இத்துறையில் வந்து இறங்கியது. மற்றொன்று இத்துறையிலிருந்து கப்பலேறிச் சென்றது.

நீரைக் குளிரச் செய்யும் கலையை இந்நாட்டார் அறியாதவர் அல்லர். அக்பர் அவையில் வெடியுப்பைக் கரைத்த நீரில் குடிநீர்க் குடுவையை வைத்துச் சுழற்றிக் குளிரூட்டிய முறையையும், அரசவை இலாகூருக்குச் சென்றபின் வடமலைகளிலிருந்து பனி கொணரப்பட்டதையும் அபுல் பாசல் தம் அயினி அக்பரியில் எழுதி வைத்தார். இவற்றினும் வியப்பானது நம் எளிய உழைப்பாளிகளின் முறை. இராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அலகாபாத்துப் பக்கம் அதனை நேரிற் கண்டு, 1775இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் விரித்துரைத்தார். திறந்த வெளியில் ஏறத்தாழ 30 அடிச் சதுரமும் 2 அடி ஆழமுமான பள்ளம் தோண்டுவர். அதில் கரும்புச் சக்கையையோ சோளத்தட்டையையோ கனமாகப் பரப்புவர். மெருகிடாத, ஆழமில்லாத மண் தட்டுகளை அதன்மேல் நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி ஆறிய நீரை அந்தி வேளையில் ஊற்றுவர். மேகமற்ற மார்கழி, தை இரவுகளில், காற்று உறைநிலையை எட்டாதபோதும், தட்டிலுள்ள நீர் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து ஏடுபோல் உறையும். கதிரவன் எழுமுன் அவற்றைப் பெயர்த்தெடுத்து, ஆழ்குழியில் இட்டு இறுக்கிச் சேமித்துக் கோடையில் எடுப்பர். இத்தொழில் இந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஹூக்ளியிலும் நடந்தது. ஆனால் அப்பனிக்கட்டி அளவிற் குறைந்தது. மண்ணும் துரும்பும் கலந்தது. பானத்துக்குள் இடாமல், பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிரூட்டவே பெரிதும் பயன்பட்டது.

இந்நிலையில்தான் 1833ஆம் ஆண்டு செப்டம்பரில், 'டஸ்கனி' என்னும் கப்பல் ஹூக்ளி ஆற்றில் நுழைந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், தம் நாட்டுக் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்த கட்டிகளை அதில் அனுப்பியிருந்தார். மே மாதம் புறப்பட்டபோது 180 டன். நான்கு மாதம் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்து சேர்ந்தபோதும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது! பலகைக்கும் வைக்கோலுக்கும் இடையே காற்றுப் புகாமல் அடுக்கியதே அதன் சூட்சுமம். அந்நாள் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் பிரபு மகிழ்ந்து, உடன் வந்த வணிகருக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். பனிக்கட்டிக்குச் சுங்கவரி விலக்கப்பட்டது. நகரத்து ஆங்கிலேயர் நன்கொடை திரட்டிச் சேமிப்புக் கிடங்கு கட்டினர். பம்பாயிலும் சென்னையிலும் அவ்வாறே கட்டப்பட்டன. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த அந்த ஐஸ் ஹவுஸ்தான், 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் பெருமை பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. கல்கத்தாவில் ஹேர் தெருப் பக்கம் நின்ற கிடங்கோ இடிக்கப்பட்டுவிட்டது. அவ்வழியே நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மவர் பலர்க்கு அங்ஙனம் ஒன்று இருந்ததே தெரியாது.

பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1834இல் தம் விருந்தில் ஐஸ்கிரீம் வழங்க, விருந்தளித்தவர்க்கும் உண்டவர்க்கும் சளி பிடித்ததென்று அந்நாள் செய்தித்தாள் ஏளனமாக எழுதியது. குளிர்பொருளைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர் எக்காலத்தும் இருந்துள்ளனர் போலும். கப்பல் தாமதித்துச் சரக்குக் குறைந்த நாள்களில் பனிக்கட்டி பங்கிட்டே கொடுக்கப்பட்டது. கூடுதலாக வேண்டுவோர் மருத்துவரின் சான்றுச்சீட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் பங்காக் கயிறு இழுத்தவனும் துறையில் மூட்டை சுமந்தவனும் இருந்திருக்க மாட்டார்கள். 1870களின் பிற்பகுதியில் எந்திரத்தாற் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் இந்நகரில் தோன்றின. அதன்பின் டியூடர் தொடங்கிய வாணிகம் சில ஆண்டுகளில் மறைந்தது. பனிக்கட்டியும் மெல்ல மெல்லத் தெருக் கடைக்கு இறங்கியது.

இனித் தேயிலைக்கு வருவோம். அசாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக 1839 சனவரியில் இலண்டனில் ஏலம் போயிற்று. வெறும் எட்டுப் பெட்டிகள். பின்னர் அது பெருகி, கல்கத்தாத் துறை வழியாக உலகெங்கும் சென்றது. 1861இல் இங்கேயே ஏலம் தொடங்கியது. ஆனால் அமெரிக்கர் மட்டும் எளிதில் வசப்படவில்லை. அவர்கள் சீனத்துப் பச்சைத் தேயிலையிலும் சப்பானியத் தேயிலையிலும் பழகியவர்கள். இந்தியக் கறுப்புத் தேயிலையை அவர்கள் நாவிற்குப் பழக்குவதற்கென இங்குள்ள தோட்டக்காரர்கள் ரிச்சர்டு பிளெச்சிண்டன் என்பாரை அங்கு அனுப்பினர். 1903இல் ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு சிறு தீர்வை விதிக்கச் சட்டம் வந்ததும் அத்தகைய விளம்பரத்துக்காகவே.

1904இல் செயின்ட் லூயி நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. கோடை கடுமை. பிளெச்சிண்டனின் கூடத்தில் சூடான தேநீரை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. அவர் சட்டெனப் பனிக்கட்டியை அதிலிட்டு வழங்க, மக்கள் மொய்த்தனர்; அன்று பிறந்தது குளிர்தேநீர் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. இக்கதையை முதலிற் படித்தபோது எமக்கு உள்ளம் துள்ளியது. நம் தேயிலை, நம் ஊரார் அனுப்பிய ஆள்; பெரியவருக்கு இதனினும் சிறந்த விடை வேறு ஏது?

ஆனால் கதை முழுதும் மெய்யன்று. 1879இல் அச்சான வர்ஜீனியா மாநிலத்துச் சமையல் நூலொன்றிலேயே பச்சைத் தேயிலையை ஊறவைத்துப் பனிக்கட்டியும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்க்கும் முறை உள்ளது. 1890இல் அதே மிசௌரி மாநிலத்தில், முன்னாள் போர்வீரர் கூட்டமொன்றில் 880 காலன் குளிர்தேநீர் வழங்கப்பட்டதை உள்ளூர்ச் செய்தித்தாள் குறித்துள்ளது. ஆகவே பிளெச்சிண்டன் அதனைக் கண்டுபிடித்தவர் அல்லர். பல்லாயிரவர் கூடிய இடத்தில் கறுப்புத் தேயிலையாலும் அது சுவையாகும் எனக் காட்டியவர் என்று மட்டும் சொல்லலாம். இன்று அமெரிக்கர் அருந்தும் தேநீரில் பெரும்பகுதி குளிர்ந்ததே. அதுவும் கறுப்புத் தேயிலையே. பெருமைக்கு அது போதும். இல்லாததைச் சேர்த்துக்கொள்ள வேண்டுவதில்லை.

ஆகையால் பெரியவருக்கு யாம் பணிவுடன் சொல்வது இது: பனிக்கட்டியைக் கோப்பைக்குள் போடும் பழக்கம் அங்கிருந்து வந்தது, கோப்பையிலுள்ள இலை இங்கிருந்து சென்றது. மிளகாய் எந்நாட்டுச் சரக்கு என்று கேட்டுவிட்டா நாம் சாம்பார் உண்கின்றோம்?

இனி, சென்ற ஆண்டு நேர்ந்த பிழை. அது பெண்மணிகளின் பிழையன்று. அவசரத்தின் பிழை, ஓரளவு இலையின் பிழை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளும் காபீனும் சூட்டில் தனித்தனியே கரைந்திருந்து, திடீரெனக் குளிர்ந்தால் ஒன்றோடொன்று பிணைந்து நீரைக் கலக்கிவிடும். அசாம் தேயிலையில் இவ்விரண்டும் மிகுதி. பாலில் அது மணப்பதும், பனிக்கட்டியில் அது கலங்குவதும் ஒரே காரணத்தால். நீலகிரித் தேயிலையோ குளிர்ந்தாலும் எளிதிற் கலங்காது தெளிந்தே நிற்கும் என்பது வாணிகர் அறிந்த செய்தி. அமெரிக்கர் குளிர்தேநீருக்கென அதனை விரும்பி வாங்குவதும் இதனாலேயே.

வீட்டில் நால்வருக்குச் செய்வதாயின், அரை லிட்டர் கொதிநீரில் எட்டுத் தேக்கரண்டித் தேயிலை இடுக. பனிக்கட்டி உருகி நீர்க்கச் செய்யும் ஆதலின் இருமடங்கு வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஊறவிடலாகாது; கசக்கும். வடிகட்டிச் சூட்டோடு சர்க்கரையைக் கரைத்து, மூடி வைத்துத் தானாக ஆறவிடுக. நன்கு ஆறிய பின்னரே பனிக்கட்டி. பரிமாறும்போது எலுமிச்சை பிழிக. சாறு பட்டவுடன் நிறம் வெளுத்துப் பொன்போலாகும்; அஞ்ச வேண்டா. தப்பித் தவறிக் கலங்கினால் சிறிது கொதிநீர் வார்த்தால் தெளியும். இத்தனையும் வேண்டா என்பார், இரவில் காய்ச்சி ஆறிய நீரில் இலையை இட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வடித்தெடுக்கலாம். கலங்கவும் செய்யாது, கசக்கவும் செய்யாது. எம் இல்லத்தில் இப்போது இம்முறையே.

இவ்வாண்டு விழாவுக்குக் கூனூரிலிருந்து தேயிலை வரவழைத்தாயிற்று. முந்தின இரவே காய்ச்சி ஆறவைப்பதாக மகளிர் குழுவினர் உறுதி கூறியுள்ளனர். முதற் குவளை அப்பெரியவருக்கே. அவர் மறுத்தால், பக்கத்து மேசையில் மோரும் இருக்கும்.